எண்ணெய் ஊர்களும் தோல் ஊர்களும்

வடசிரியாவின் சுண்ணாம்புக் குன்றுகளின்மேல், பழைய அந்தியோக்கியா நகருக்கும் அலெப்போவுக்கும் இடைப்பட்ட நிலத்தில், எழுநூறு வரையிலான பழைய ஊர்கள் சிதைந்து கிடக்கின்றன. நகரங்கள் என்று அவற்றைச் சொல்வது வழக்கம்; ‘இறந்த நகரங்கள்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. உண்மையில் அவை சிற்றூர்கள். உரோமப் பேரரசின் பிற்காலத்தில், நான்காம் நூற்றாண்டிலிருந்து ஆறாம் நூற்றாண்டு வரை, உழவர்கள் வாழ்ந்த ஊர்கள். வெட்டிய கல்லால் கட்டிய இரண்டடுக்கு வீடுகள். கீழ்த்தளத்தில் மாட்டுத் தொட்டிகள், மேல்தளத்தில் மனிதர்கள். ஊரெங்கும் பாறையில் குடைந்த எண்ணெய்ச் செக்குகள். செர்ஜில்லா என்ற ஊரில் கி.பி. 473-இல் கட்டிய குளியல் மண்டபம்கூட இருக்கிறது. குன்றின்மேல் இருந்த ஓர் உழவர் ஊருக்குக் குளியல் மண்டபம்! அந்த வரியைப் படித்த இடத்தில் நூலை மூடி வைத்துவிட்டேன். என் ஊர் நினைவுக்கு வந்தது.

என் ஊர் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் இடையே பாலாற்றங்கரையில் இருக்கிறது. பெயர் வேண்டாம். அந்த வட்டாரத்தில் எந்த ஊரைச் சொன்னாலும் கதை பெரிதும் மாறாது. என் இளமையில் வடார்க்காடு மாவட்டம் என்றார்கள். பிறகு வேலூர் மாவட்டம். 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டம். பெயர்கள் மாறிய வேகத்தில் நிலமும் மாறியது. எங்கள் ஊரிலும் இன்று இரண்டடுக்கு வீடுகள் உண்டு. கீழ்த்தளத்தில் மாட்டுத் தொட்டி மட்டும் இல்லை.

செர்ஜில்லா போன்ற ஊர்கள் எப்படிச் செழித்தன, ஏன் ஒழிந்தன என்பதைப் பற்றி இரு கருத்துகள் உள்ளன. 1950-களில் ஜார்ஜ் சாலெங்கோ என்ற ஆய்வாளர் அந்தக் குன்றுகளை ஊர் ஊராக அளந்து எழுதினார். அவர் கூற்றின் சாரம் இது: அந்த ஊர்கள் ஆலிவ் எண்ணெய் ஒன்றையே நம்பின, கடல் கடந்த சந்தைக்கு அதை விற்றுச் செழித்தன, ஏழாம் நூற்றாண்டில் பாரசீகப் படையெடுப்பும் பின்னர் அரபு வெற்றியும் வணிக வழியை அறுத்தபோது, எண்ணெய் வாங்க ஆளின்றி மக்கள் இறங்கிப் போயினர். பின்னர் வந்த ஜார்ஜ் தாத் இதை மறுத்தார். எண்ணெயோடு தானியமும் திராட்சையும் கால்நடையும் இருந்தன. ஊர்கள் ஒரே நாளில் காலியாகவில்லை. நிலம் தாங்கும் அளவைக் கடந்து மக்கள் பெருகினர். ஆறாம் நூற்றாண்டின் இடைப்பகுதிக்குப் பின் வளர்ச்சி நின்றது. கொள்ளை நோயும் பஞ்சமும் போரும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஊர்கள் மெல்லத் தேய்ந்தன என்றார்.

சந்தை அறுந்ததால் ஊர் அழியுமா, நிலம் தளர்ந்ததால் அழியுமா? அறிஞர்களுக்கு அது ஆய்வுப் பொருள். எங்கள் வீட்டில் அது இருபது ஆண்டுகள் நடந்த சண்டை. ஒரு பக்கம் தாத்தா, மறுபக்கம் என் நைனா.

தாத்தாவுக்கு மூன்று ஏக்கர் நிலம். ஆற்றிலிருந்து இரண்டு வயல் தள்ளி ஒரு கிணறு. பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் ஆறு. ஆயினும் மணலுக்கு அடியில் நீர் ஓடிக்கொண்டே இருக்கும். அதைக் கிணறுகள் வாங்கிக்கொள்ளும். நெல், கரும்பு, வரப்போரம் தென்னை. அதற்கு அப்பால் தரிசில் ஆவாரஞ்செடி. அந்த ஆவாரம் பட்டையைப் பெண்கள் உரித்துக் கட்டாகக் கட்டித் தோல் ஷாப்புக்கு விற்பார்கள். அக்காலத்துத் தோல் ஷாப்பு ஊரோடு இணைந்த ஒரு சிறு தொழில்தான். ஆட்டுத் தோலையும் மாட்டுத் தோலையும் சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து, மயிர் நீக்கி, சவ்வு சுரண்டி, ஆவாரம் பட்டைச் சாற்றிலும் கடுக்காய்ச் சாற்றிலும் வாரக்கணக்கில் போட்டெடுப்பார்கள். பதப்பட்ட தோல் சென்னைப் பெரியமேட்டுக்குப் போய், அங்கிருந்து கப்பலேறும்.

முதலாளிகள் பெரும்பாலும் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஊர்களின் இஸ்லாமிய வணிகர்கள். குழியில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் சேரியிலிருந்து வந்தவர்கள். இதை நான் நாசூக்காகச் சொல்லிக் கடந்துபோக விரும்பவில்லை. தாத்தா நல்லவர் என்று ஊர் சொல்லும். அந்த நல்லவர், தோல் ஷாப்பில் வேலை செய்கிறவர்களைத் தம் கிணற்றில் நீர் இறைக்க விட்டதில்லை. கோடையில் அவர்கள் பிள்ளைகள் குடத்தோடு வரப்பில் நிற்பார்கள். எங்கள் ஆள் எவராவது இறைத்து ஊற்றுவார். நானும் ஊற்றியிருக்கிறேன். குடம் என் வாளியைத் தொடாதபடி உயர்த்திப் பிடித்து ஊற்ற வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள்.

1970-களில் அரசின் கொள்கை மாறியது. பச்சைத் தோலையும் அரைகுறையாகப் பதனிட்ட தோலையும் வெளிநாட்டுக்கு அனுப்புவதைக் கட்டுப்படுத்தி, முழுமையாக்கிய தோலையும் காலணியையும் ஏற்றுமதி செய்ய ஊக்கம் தந்தது. நாட்டுக்கு அது இலாபமான முடிவு. பல்லாயிரம் பேருக்கு வேலை தந்த முடிவு. ஆனால் ஆவாரம் பட்டையின் பொறுமை அந்த வேகத்துக்கு ஒத்துவரவில்லை. குரோமிய உப்புகள் வந்தன. சுழலும் பெரிய மர டிரம்முகளில் வாரக்கணக்கான வேலை ஓரிரு நாளில் முடிந்தது. நீல நிறத்தில் ஈரத்தோடு வெளிவரும் தோலை ‘வெட் புளூ’ என்றார்கள். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அதை ‘வெட்டுப்புளு’ என்று ஒரே சொல்லாக்கிக்கொண்டார்கள்.

நைனா 1978-இல் அப்படிப்பட்ட ஓர் ஆலையில் சேர்ந்தார். இரண்டு ஆண்டுகள் கரும்பு பொய்த்திருந்தது. தாத்தா அவரோடு ஒரு மாதம் பேசவில்லை. நைனா மாலையில் வந்து கொல்லையில் குளித்து, வேறு வேட்டி கட்டிக்கொண்ட பிறகுதான் வீட்டுக்குள் வர வேண்டும். அப்படியும் வாடை போகாது. ஆனால் மாதம் முதல் தேதி சம்பளம் வரும். தீபாவளிக்குப் போனஸ் வரும். மழை பார்த்து வாழ்ந்த வீட்டில் காலண்டர் பார்த்து வாழும் வழக்கம் அப்போதுதான் தொடங்கியது. வேலூரில் என் கல்லூரிப் படிப்புக்குக் கட்டணம் கட்டியது அந்தச் சம்பளம்தான். இந்தக் கட்டுரையை எழுதும் மொழியறிவும், சிரியாவைப் பற்றிப் படிக்கும் ஓய்வும் அதிலிருந்து வந்தவை.

கிணறு கெட்டது மெதுவாக. முதலில் பருப்பு வேக நேரமாயிற்று. பிறகு தேநீர் திரிந்தது. பிறகு நாற்றங்கால் நுனி கருகியது. தென்னையில் குரும்பை உதிர்ந்தது. தங்கிய காய் கைப்பிடியளவில் நின்றது. கோடையில் நிலத்தின்மேல் வெள்ளையாக ஒன்று பூத்தது. தாத்தா குனிந்து அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பு.

பலரும் நினைப்பதுபோல் முதல் பகை குரோமியம் அன்று. சமையலுக்குப் போடும் அதே உப்புதான். உரித்த தோல் அழுகாமலிருக்க உப்பைக் கொட்டித் தேய்த்து அடுக்குவார்கள். ஆலைக்கு வந்ததும் முதல் வேலை அதை ஊறவைத்துக் கழுவுவது. அந்த உப்பு முழுதும் நீரோடு வெளியேறும். ஒரு கிலோ முழுமைத் தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் நீர் தேவை என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பே குறிப்பிடுகிறது. குரோமியம் பெரும்பாலும் சேற்றில் படிந்துவிடும். அதைக் கழிவோடு பிரித்தெடுக்கலாம். கரைந்த உப்பு அப்படிப் பிரியாது. சாதாரணச் சுத்திகரிப்பைத் தாண்டி மணலுக்கடியில் இறங்கி, ஆறு எங்கள் கிணற்றுக்குத் தரும் அதே வழியில் வந்து சேரும். பின்னாளில் சவ்வூடு வடிகட்டிகளும் ஆவியாக்கிகளும் வந்தன. நீர் திரும்பக் கிடைத்தது. மிஞ்சிய உப்பை எங்கே கொட்டுவது என்ற கேள்வி மூட்டை மூட்டையாகக் குவிந்தது.

1991-இல் வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. தோல் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமற்போயிற்று என்ற ஆய்வுத் தகவலை அது எடுத்தாண்டது. முன்னெச்சரிக்கைக் கொள்கையும், மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்ற கொள்கையும் இந்த நாட்டின் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. இன்று உலகெங்கும் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் மாணவர்கள் வேலூரின் பெயரை அந்த வழக்கால்தான் அறிகிறார்கள். ஒவ்வோர் ஆலைக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம். இழப்பைக் கணக்கிட ஓர் ஆணையம். அந்த ஆணையம் 2001-இல் ஈட்டுத் தொகைகளை அறிவித்தது.

பட்டியல் எடுக்க ஆட்கள் ஊருக்கு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சென்னையிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தேன். தாத்தா இறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. நிலம் ஆயாவின் பெயரில் இருந்தது. வீட்டின் மூத்த ஆண் என்ற முறையில் நைனாவிடம் படிவத்தை நீட்டினார்கள். நைனா வாங்கவில்லை.

“நான் அங்கதான் சம்பளம் வாங்குறன். அவன் என் கெணத்த கெடுத்தான்னு எப்படிக் கையெழுத்துப் போடுவன்?” என்றார்.

“கெடுக்கலியா?” என்று ஆயா கேட்டாள்.

நைனா பதில் சொல்லவில்லை. ஆயா படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, மைப்பெட்டியில் கட்டைவிரலை அழுத்தி வைத்தாள். பிறகு அந்த விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டே, “ஒம் பையன் படிப்புக்கு அவன் குடுத்தான். எங் கெணத்துக்கும் அவனே குடுக்கட்டும். ரெண்டும் வேற வேற கணக்கு” என்றாள்.

அவள் எழுதப் படிக்கத் தெரியாதவள். உச்ச நீதிமன்றம் பல பக்கங்களில் சொன்னதை அவள் அன்று திண்ணையில் சொன்னாள் என்றே இன்றும் நினைக்கிறேன். பல மாதங்கள் கழித்துத் தொகை வந்தது. ஒரு கறவை மாட்டின் விலையைவிடச் சற்று அதிகம்.

மாடு என்றதும் மற்றொன்றைச் சொல்ல வேண்டும். செர்ஜில்லா செழித்திருந்த அதே நூற்றாண்டுகளில் எங்கள் பகுதி எப்படி இருந்தது? எழுத்துச் சான்றுகள் சிலவே. அவற்றில் பெரும்பாலானவை நடுகற்கள். செங்கம் வட்டாரத்து நடுகற்கள் ஐந்து, ஆறாம் நூற்றாண்டுகளிலிருந்தே தொடங்குகின்றன. அவற்றில் திரும்பத் திரும்ப வருவது ஒரே செய்தி: தொறு கவர்ந்தார்கள், தொறு மீட்டு இறந்தான். தொறு என்றால் மாட்டுமந்தை. எடுத்தனூரில் மகேந்திரவர்மனின் முப்பத்துநான்காம் ஆட்சியாண்டு நடுகல் ஒன்றில், வீரனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்பது நாயின் பெயர். இரு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று கல் சொல்கிறது. ஆம்பூரிலேயே ஒன்பதாம் நூற்றாண்டு நடுகற்கள் கிடைத்துள்ளன. நிருபதுங்கவர்மன் காலத்தில் நுளம்பரின் படை மாடு கவர வந்தபோது இறந்த வீரர்களுக்கு எழுப்பியவை. அன்றைய ஊர்ப் பொருளாதாரம் நான்கு காலில் நடந்தது. உயிரோடிருக்கும் மாட்டுக்காக உயிர் கொடுத்த நிலத்தில், ஆயிரம் ஆண்டு கழித்து இறந்த மாட்டின் தோல் உலகச் சந்தைக்கு வழி திறந்தது.

உரோமத்துக்கும் தோல் அன்னியம் அன்று. கி.பி. 301-இல் தியோக்கிளீசியன் வெளியிட்ட விலைக் கட்டுப்பாட்டு ஆணை, பதனிடாத தோலுக்கு ஒரு விலையும் பதனிட்ட தோலுக்கு ஒரு விலையும் தனித்தனியே குறிக்கிறது. உழவுக் கூலியாளுக்கு உணவோடு நாளொன்றுக்கு 25 தெனாரியசு என்கிறது. பெரியமேட்டுத் தரகர் ஒருவர் அந்தக் கல்லைப் படிக்க நேர்ந்தால் வியப்படைய மாட்டார். அதே பேரரசில் 332-இல் கான்ஸ்தந்தீன் ஒரு சட்டம் இட்டார். பிறர் நிலத்தில் குடியிருந்து உழும் கொலோனுஸ் என்ற குடியானவன் ஓடிப்போக எண்ணினான் என்றாலே விலங்கிடலாம் என்றது அது. வரி கெடாமலிருக்க ஆளை நிலத்தோடு கட்டிப் போடும் ஏற்பாடு. ஏறத்தாழ அதே காலத்தைச் சேர்ந்த நம் பூலாங்குறிச்சிக் கல்வெட்டு, நிலத்தில் காராண்மை யாருக்கு, மீயாட்சி யாருக்கு என்று பிரித்துச் சொல்கிறது. உழுகிறவன் வேறு, மேலிருந்து ஆள்கிறவன் வேறு என்ற பிரிவு இரண்டு நிலங்களிலும் அன்றே எழுத்தில் ஏறிவிட்டது.

ஆயினும் உரோம உழவனையும் என் நைனாவையும் ஒன்றென்று எழுத எனக்குத் துணிவில்லை. நைனாவை எவரும் கட்டிப் போடவில்லை. அவரை அங்கே நிறுத்தியது நாங்கள். என் கல்லூரிக் கட்டணம், தங்கையின் திருமணம், ஆயாவின் கண் அறுவை. குரோமியச் சேற்றில் நடந்து அவர் பாதத்தில் புண் ஆறாமல் இருந்த ஆண்டுகளில், வேலையை விடச் சொல்லி நான் ஒரு கடிதமும் எழுதியதில்லை. பணம் வந்து சேர்ந்தது என்று மட்டும் எழுதினேன்.

விலங்கிட வேண்டாத கட்டு இன்று வேறு ஆட்களைப் பிணைக்கிறது. 2015 ஜனவரி இறுதியில் இராணிப்பேட்டையில் ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் இரவில் உடைந்து பத்துப் பேர் இறந்தனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வேலைக்கு வந்து, அருகிலேயே உறங்கிக்கொண்டிருந்தவர்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் குழியை விட்டு ஏறியபின் அந்த இடம் காலியாக இருக்கவில்லை. தாத்தா வரப்பில் நிறுத்திய பிள்ளைகளின் இடத்தில் இன்று யாரோ ஒருவர் நிற்கிறார், மொழி தெரியாமல்.

கடந்த பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். தம்பி மகள் காலை ஆறரைக்குக் கம்பெனிப் பேருந்துக்காகச் சாலைமுனையில் நிற்பவள். ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கிறாள். ஆம்பூர்ப் பகுதியில் அப்படி விடியலில் நிற்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில். முன்னிரவில் அவளிடம் நான் சிரியக் குன்றுகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். எண்ணெய் வாங்க ஆளில்லாமற்போனதும் ஊர் காலியான கதையைக் கவனமாகக் கேட்டாள். அவளுக்கு அது பழங்கதையாகப் படவில்லை. 2020 ஊரடங்கில் அவள் இயந்திரம் நின்றது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள்மீது 50 விழுக்காடு வரி என்றபோது, அவள் வரிசையில் கூடுதல் நேர வேலை நின்றது. கடலுக்கு அப்பால் ஒருவர் கையெழுத்திட்டால் எங்கள் தெருவில் கறிக்கடைக் கணக்கு மாறும்.

பிறகு கேட்டாள். “கெணறு கெட்டுதுன்னு எழுதறீங்க, சரி. கம்பெனிய மூடணும்னு சொல்றீங்களா பெரியப்பா?”

இல்லை என்றேன். பின் என்ன சொல்ல வருகிறீர்கள் என்பதுபோல் பார்த்தாள். அவளுக்குச் சொல்ல முயன்றதையே இங்கும் எழுதுகிறேன்.

சாலெங்கோவும் தாத்தும் சொன்ன இரண்டு சாவுகளும் வேறுவேறானவை. சந்தை போனால் ஊர் வறுமைப்படும். நிலமும் நீரும் இருந்தால் மக்கள் வேறொன்றைப் பயிரிட்டு நிற்கலாம். சிரியக் குன்றுகளில் வணிகம் தளர்ந்த பிறகும் தலைமுறைகள் பலவாக மக்கள் இருந்தார்கள் என்று தாத் காட்டியது அதனால்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. செக்கு அந்த மண்ணைக் கொல்லவில்லை. 2011-இல் அந்த ஊர்களில் நாற்பது உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. அதே ஆண்டு தொடங்கிய உள்நாட்டுப் போரில் வீடிழந்தவர்கள் பலர், ஆயிரத்தைந்நூறு ஆண்டுப் பழைய அந்தக் கற்சுவர்களுக்குள் அடைக்கலம் புகுந்தார்கள். ஊர் இறந்தாலும் ஒதுங்க இடமாவது விட்டுச் சென்றது. எங்கள் ஊரில் நாளை ஏற்றுமதி நின்றால், திரும்பிப் போக ஒரு வயல் வேண்டும். வயலுக்குக் கிணறு வேண்டும். ஆலை இருக்கட்டும், அது கிணற்றின் கடனைக் கட்டிவிட்டு இருக்கட்டும். ஆயா சொன்ன அந்த இரண்டு கணக்குகள்.

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் ஒரு தீர்ப்பளித்தது. ஈடு கிடைக்காதவர்களுக்கு வழங்க வேண்டும், அதை மாசுபடுத்தியோரிடம் வசூலிக்க வேண்டும், பாலாற்றின் நிலையைக் கண்காணிக்கக் குழு வேண்டும் என்றது. முதல் வழக்குக்கும் இதற்கும் இடையே முப்பத்துநான்கு ஆண்டுகள். நைனா 2011-இல் காலமானார். நிலம் இப்போது என் பெயரிலும் தம்பி பெயரிலும் இருக்கிறது.

மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மனு எழுதத் தொடங்கியிருக்கிறேன். சர்வே எண், பரப்பு, கிணற்றின் ஆழம் எல்லாம் எளிதாக எழுதிவிட்டேன். நீர் எப்போது கெட்டது என்ற இடத்தில் பேனா நின்றது. 1984 என்று எழுதினேன். நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டும் அதுவே. கீழே இன்னொரு வரி சேர்த்திருக்கிறேன்: இந்தக் கிணற்றில் இறைக்க விடப்படாத குடும்பங்கள் ஊரின் தென்புறத்தில் வாழ்கின்றன, அவர்களுக்கு நிலப்பட்டா இல்லாததால் எந்தப் பட்டியலிலும் பெயர் வரவில்லை, அவர்கள் குடித்ததும் இதே நீர்தான்.

மனுவில் இப்படியெல்லாம் எழுதுவது வழக்கமில்லை என்கிறான் தம்பி. இருக்கலாம். அடுத்த வாரம் ஊருக்குப் போய், அவன் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டு, தென்புறத்துக்கும் ஒரு நடை போய்வர வேண்டும்.